புழுதிப் புயலும் புகைமூட்டமும் ஒன்றா? காற்றுக் குறியீட்டின் எண்ணைப் புரிந்துகொள்வோம்



அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'காற்றுத் தூய்மைக்கேடு' என்ற தலைப்பில் படிவம் ஐந்து மாணவி ஒருவர், "நம் நாட்டில் அடிக்கடி ஏற்படும் புழுதிப் புயலால் பள்ளிகள் மூடப்படுகின்றன" என்று எழுதியிருந்தார். 'புழுதிப் புயல்' என்பதை அடித்துவிட்டு மேலே 'புகைமூட்டம்' என்று எழுதி அடுத்த தாளுக்குப் போயிருக்கலாம். ஆனால் அதே கேள்வியை மறுநாள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? "ரெண்டும் ஒண்ணுதான் சார். ரெண்டுலயும் வானம் தெரியாது, மூச்சு விட முடியாது" என்றான் கடைசி வரிசையில் இருந்த ஒருவன். வகுப்பு சிரித்தது.

அவன் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். நமக்கு எதுக்கு பாலைவனப் புயல் என்று கேட்காதீங்க. புழுதிப் புயல் ஒரு நகரத்தின் காற்றை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நம் கைப்பேசியில் தெரியும் அந்த எண்ணைச் சரியாகப் படிக்கும் பழக்கம் வந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நாம் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புகிறோம்.

முதலில், தூசு எப்படிக் கிளம்புகிறது? பலத்த காற்று தரையிலிருந்து தூசை நேராக வாரி எடுத்துக்கொண்டு போகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் மிக நுண்ணிய துகள்களைக் காற்று நேராகத் தூக்குவது கடினம். அவை ஒன்றோடொன்றும் தரையோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். காற்றால் எளிதில் நகரக்கூடியது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல். அந்த மணல் தரையில் துள்ளித் துள்ளி ஓடும். ஒவ்வொரு முறை விழும்போதும் தரையைச் சுத்தியல் மாதிரி அடிக்கும். அந்த அடியில்தான் ஒட்டிக்கிடந்த நுண்தூசு உடைந்து தெறித்து மேலே போகிறது. மணல் சில விநாடிகளில் மீண்டும் தரைக்கு வந்துவிடும். தூசு வராது. அதனால் மணற்புயல் வேறு, புழுதிப் புயல் வேறு. மணல் பாலைவனத்திலேயே தங்கிவிடும். புழுதி நாடு விட்டு நாடு போகும். கட்டுரையில் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றி எழுதும் மாணவர்கள் இதைக் கவனிக்கவும்.

இது நடக்க நிலம் காய்ந்திருக்க வேண்டும், செடிகொடி இருக்கக் கூடாது, காற்றும் பலமாக வீச வேண்டும். நம் மண்ணில் ஈரமும் வேரும் உண்டு. அதனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புழுதிப் புயல் கிடையாது. கட்டுமானத் தளத்தில் லாரி போகும்போது கிளம்பும் புழுதியைப் புயல் என்று எழுதிவிடாதீர்கள்.

சிட்னியின் ஒரு காலை

2009 செப்டம்பர் 23. ஆஸ்திரேலியாவின் சிட்னி மக்கள் கண் விழித்தபோது சன்னலுக்கு வெளியே எல்லாமே செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. துறைமுகப் பாலம் தெரியவில்லை. ஓப்பரா மாளிகை தெரியவில்லை. விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன, படகுச் சேவை நின்றது. நீண்ட வறட்சியில் காய்ந்து கிடந்த உள்நாட்டு நிலப்பகுதிகளில், ஐர் ஏரி வடிநிலம் உட்பட, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கிளம்பிய மண் அது. ஒரு குளிர்முகக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து கடலோர நகரத்தின் மேல் கொட்டியது. அந்தப் புயலில் கண்டத்தின் கரையைத் தாண்டிக் கடலுக்குள் போன மண் ஏறத்தாழ 2.5 மில்லியன் டன் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். விவசாயிகளின் மேல்மண் அது. அதை நினைத்தால் வயிறு எரியும்.

சிட்னியில் வழக்கமான நாள்களில் ஒரு கனமீட்டர் காற்றில் பிஎம்10 என்ற துகள் அளவு 20 மைக்ரோகிராம் வாக்கில் இருக்கும். அன்று காலை சில நிலையங்களில் ஒரு மணிநேர அளவு 10,000-ஐத் தாண்டியது. அதாவது 500 மடங்கு. ஆனால் பிற்பகலுக்குள் வானம் பெருமளவு தெளிந்துவிட்டது. இந்த வேகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிஎம்10 என்றால் என்ன? 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள துகள்கள் எல்லாம் சேர்ந்தது. பிஎம்2.5 என்றால் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவானதும். ஆக, பிஎம்2.5 முழுவதும் பிஎம்10-க்குள் அடக்கம். இரண்டும் தனித்தனி என்று நினைத்துக் கூட்டிவிடும் மாணவர்கள் உண்டு. தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பிஎம்2.5 துகள்கள் எவ்வளவு சிறியவை என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கணித ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அசையாத காற்றில் ஒரு நுண்துகள் கீழே இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள மண்துகள் விநாடிக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர எத்தனை நேரம்? 125,000 விநாடி, கிட்டத்தட்ட ஒன்றரை நாள். இப்போது விட்டத்தை நான்கில் ஒரு பங்காக்குங்கள். 2.5 மைக்ரோமீட்டர் துகளின் வேகம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். அது தரைக்கு வர 23 நாள் ஆகும். இயற்கையில் காற்று இப்படி அசையாமல் நிற்பதில்லை, மழையும் குறுக்கே வரும். ஆனாலும் பெரிய துகள் ஏன் சீக்கிரம் படிகிறது, சிறியது ஏன் மிதந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்குப் போதும். சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இப்படி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்கு நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

பெய்ஜிங்கில் 500 என்று நின்ற எண்

இன்னொரு நகரத்துக்குப் போவோம். 2021 மார்ச் 15 அன்று பெய்ஜிங்கைத் தாக்கியது பத்தாண்டுகளில் அந்நகரம் கண்ட மிகப் பெரிய புழுதிப் புயல். மங்கோலியாவின் வறண்ட நிலத்திலிருந்து கிளம்பி வந்தது. மங்கோலியாவில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பெய்ஜிங் விமான நிலையங்களில் நானூறுக்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின. நகரின் சில வட்டாரங்களில் பிஎம்10 அளவு 8,000 மைக்ரோகிராமைத் தாண்டியது. பிஎம்2.5 அளவும் 300-க்கு மேல் போனது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 24 மணிநேரச் சராசரிக்கான வரம்பு பிஎம்10-க்கு 45, பிஎம்2.5-க்கு 15.

அன்று பெய்ஜிங்கின் காற்றுத்தரக் குறியீடு 500 என்று காட்டியது. ஏன் 500? சீனாவின் அளவுகோலில் அதுதான் உச்சம். பிஎம்10 அளவு 600 ஆனதுமே குறியீடு 500-ஐத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு 600 ஆனாலும் ஒன்றுதான், 8,000 ஆனாலும் ஒன்றுதான், திரையில் 500. நம் நாட்டுக் குறியீட்டுக்கு அப்படி ஒரு கூரை இல்லை. 1997 செப்டம்பர் புகைமூட்டத்தில் சரவாக்கில் 839 வரை போனதும், 2013 ஜூனில் மூவாரில் 746 பதிவானதும், அங்கெல்லாம் அவசரநிலை அறிவிக்கப்பட்டதும் மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். ஆகவே ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு அப்படியே ஒப்பிட்டுக் கட்டுரையில் எழுதக் கூடாது. இணையத்தில் எடுத்த எண்ணுக்கு எந்த நாட்டு அளவுகோல் என்று பார்த்துவிட்டு எழுதுங்க.

பெய்ஜிங்கின் அந்த இரண்டு எண்களை மறுபடியும் பாருங்கள். 8,000-த்துக்கும் 300-க்கும் எவ்வளவு தூரம்! புழுதிப் புயலின் அடையாளமே இதுதான். அதில் கரடுமுரடான துகளே மிக அதிகம், நுண்துகளின் பங்கு சிறியது. நம் புகைமூட்டம் இதற்கு நேர் எதிர். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரியும் காட்டிலிருந்தும் சதுப்புநிலக் கரிமண்ணிலிருந்தும் வருவது புகை. புகைத்துகள் பிறக்கும்போதே நுண்ணியது. அதனால் பிஎம்10 என்று அளந்தாலும் அதில் பெரும்பகுதி பிஎம்2.5-ஆகவே இருக்கும். கடைசி வரிசைப் பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அரைத்த மண் ஒன்று, எரிந்த புகை இன்னொன்று.

ஆனால் 'பங்கு சிறியது' என்பதை 'ஆபத்து சிறியது' என்று புரிந்துகொள்ளாதீர்கள். 8,000-த்தில் சிறிய பங்கும் 300 வருகிறது. அது 15 என்ற வரம்பைப்போல் இருபது மடங்கு.

நகரத்துக்குள் வந்த பிறகு

ஒரு விந்தையான விஷயம். புயலை இழுத்து வரும் பலத்த காற்று, நகரத்தில் தேங்கிக் கிடந்த வாகனப் புகையை அடித்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. அப்போது பிஎம்10 வானத்தைத் தொடும், நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களின் அளவோ இறங்கும். எல்லாமே ஒரே நேரத்தில் ஏறும் என்று எழுதுவது தவறு.

காற்று ஓய்ந்த பிறகுதான் நகரத்துக்கே உரிய தொல்லை தொடங்குகிறது. திறந்த வெளியில் விழுந்த தூசு புல்லிலும் மண்ணிலும் தங்கிவிடும். நகரத்தில் அது தார்ச்சாலையிலும் கூரையிலும் படிகிறது. ஒவ்வொரு பேருந்து போகும்போதும் மீண்டும் எழும்புகிறது. காய்ந்த துடைப்பத்தால் கூட்டினால் இன்னும் மோசம். அதனால்தான் புயலுக்குப் பிறகு சாலைகளைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள். இன்னொன்று, தூசு வெறும் மண்ணாக மட்டும் இருப்பதில்லை. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து வாகனப் புகையிலிருந்து உருவாகும் நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிந்து நைட்ரேட்டாக மாறுகிறது. தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரங்களைக் கடந்து வரும் தூசு, புறப்பட்டபோது இருந்த அதே தூசாக வந்து சேர்வதில்லை.

உடலுக்கு என்ன ஆகிறது? பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் மேல் மூச்சுக்குழாயிலும் சிக்கும். இருமல், கண் எரிச்சல், ஆஸ்துமா. நுண்துகள்கள் நுரையீரலின் நுண்ணறைகள் வரை போகும், மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். 2009 சிட்னிப் புயலின்போது மருத்துவமனை அவசரப் பிரிவுகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். ஆஸ்துமாவுக்காக வந்தவர்கள் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தார்கள். இதய நோய்க்காக வந்தவர்களின் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் ஈராக்கை மூடிய ஒரே புயலில் 5,000-க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள். அதே வேளையில், 2018 மே 2 அன்று உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் புழுதிப் புயலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியை எடுத்துக்காட்டாக எழுதுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அங்கே உயிர்களைப் பறித்தது பெரும்பாலும் இடிந்து விழுந்த சுவர்களும் மரங்களும். அது காற்றுத்தரத்துக்கான சான்று அல்ல.

சராசரி செய்யும் வேலை

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். நம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஒவ்வொரு மணிநேரமும் வெளியாகிறது. அதனால் அது அந்த மணிநேரத்தின் காற்று என்று நினைக்கிறோம். துகள்களைப் பொறுத்தவரை அது கடந்த 24 மணிநேரத்தின் சராசரி.

ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம். எப்போதும் பிஎம்10 அளவு 30. காலை 7 மணியிலிருந்து 9 மணிவரை புழுதிப் புயல், அளவு 1,000. பிறகு மீண்டும் 30. காலை 8 மணிக்குச் சராசரி என்ன? ஒரு மணிநேரம் 1,000, மீதி 23 மணிநேரம் 30. கூட்டினால் 1,690, அதை 24-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 70. வெளியே கண்ணைத் திறக்க முடியவில்லை, திரையில் 70! புயல் முடிந்த 9 மணிக்கு 111. அதற்குப் பிறகு வானம் நீலமாக இருக்கிறது, பறவைகள் பறக்கின்றன. எண் மட்டும் மறுநாள் காலை 7 மணிவரை 111-இலேயே நிற்கிறது. ஆபத்தான நேரத்தில் எண் தாழ்வாகவும், ஆபத்து நீங்கிய பிறகு எண் உயர்வாகவும் இருக்கிறது. சராசரி பொய் சொல்லவில்லை. அது நேற்றையும் சேர்த்துப் பேசுகிறது, அவ்வளவுதான்.

புகைமூட்டம் பல நாள் நீடிப்பதால் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அது தொடங்கும் முதல் நாள் காலையில் தெரியும். நான் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2019 செப்டம்பரில் ஒரு காலை, பள்ளிக்கு எதிரே உள்ள அடுக்குமாடி மங்கலாகத் தெரிந்தது. குறியீட்டைப் பார்த்தேன், நூறுக்குக் கீழே, 'மிதமானது'. விதிப்படி நூறைத் தாண்டினால்தான் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், இருநூறைத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும். ஓட்டப் பயிற்சிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டேன். இரண்டாவது சுற்றில் ஒரு பையன் திடலோரம் குந்திவிட்டான். நெஞ்சு மேலும் கீழும் இழுத்தது. நல்ல வேளை, அவனுடைய தோழிக்கு அவன் பையில் இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. எண் நூறைத் தாண்டியது மதியத்தில்தான். அதுவரை நான் விதியை மீறவில்லை. ஆனால் எதிரே இருந்த அடுக்குமாடி காலையிலேயே சொன்னதை நான் கேட்கவில்லை.

சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அங்கே 24 மணிநேரக் குறியீட்டோடு ஒரு மணிநேர பிஎம்2.5 அளவும் தனியாக வெளியாகிறது. 55 வரை இயல்பு, 56 முதல் 150 வரை உயர்வு, 151 முதல் 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். உடனே வெளியே ஓடப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். நாளைய நிகழ்ச்சியைத் திட்டமிடத்தான் 24 மணிநேர முன்னறிவிப்பு. பிஎம்2.5 சிங்கப்பூரின் குறியீட்டுக்குள் சேர்க்கப்பட்டது 2014 ஏப்ரலில், மலேசியாவில் 2018-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிடும்போது இதையும் ஒரு வரி குறிப்பிட்டால் உங்கள் கட்டுரைக்குத் தனி மதிப்பு வரும்.

மலேசியாவில் நாம் என்ன செய்யலாம்? குறியீடு எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் பாருங்க. மூன்று மணிநேரத்தில் 60, 70, 85 என்று ஏறினால் உண்மையான காற்று அந்த எண்ணைவிட மோசம். பிறகு, பள்ளியின் மேல்மாடியில் நின்று வழக்கமாகத் தெரியும் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். ஒன்று அரை கிலோமீட்டரில், ஒன்று இரண்டில், ஒன்று ஐந்தில். காலையில் எது தெரியவில்லை என்று ஒரு மாணவன் தினமும் குறித்து வைக்கட்டும். மழையோ மூடுபனியோ இல்லாத நாளில் இரண்டு கிலோமீட்டர் கட்டடம் மறைந்தால், திடல் வேண்டாம். முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணியும் சாதாரண முகக்கவசமும் கரடான புழுதியை ஓரளவு தடுக்கும். புகையின் நுண்துகளுக்கு முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 வகைதான் உதவும்.

மரம் நட்டால் புழுதிப் புயல் நின்றுவிடும் என்று பல கட்டுரைகள் முடிகின்றன. சீனா 1978 முதல் வடக்கு எல்லையோரம் மாபெரும் பசுமை அரண் ஒன்றை வளர்த்து வருகிறது. பல இடங்களில் மண் அரிப்பு குறைந்திருக்கிறது. ஆனாலும் 2021-இல் புழுதி வந்தது, ஏனென்றால் அது எல்லைக்கு அப்பால் மங்கோலியாவில் கிளம்பியது. மரங்களின் உயரத்துக்கு மேலே பல நூறு மீட்டர் உயரத்தில் பறந்து வருகிற தூசை எந்த வேலி தடுக்கும்? அண்டை நாட்டின் நிலம் கெட்டால் நம் நகரத்தின் காற்றும் கெடும் என்பதில் மட்டும் பெய்ஜிங்கும் கோலாலம்பூரும் ஒன்றுதான். கருத்து விளக்கக் கட்டுரையில் ஒப்பீட்டுக்கு இந்த இடம் நல்ல வாய்ப்பு.

அந்த மாணவியைத் திருத்தி எழுதச் சொன்னேன். மறுநாள் கொண்டு வந்தார்: "நம் நாட்டில் புழுதிப் புயல் வீசுவதில்லை. ஆனால் அண்டை நாட்டுத் தீயினால் புகைமூட்டம் ஏற்ப்படுகிறது. புழுதியைவிடப் புகையின் துகள்கள் நுண்ணியவை என்பதால், வானம் சற்றே மங்கலாக இருக்கும்போதே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்." 'ஏற்ப்படுகிறது' என்பதில் நடுவில் இருந்த ஒற்றை மட்டும் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.